நிறுவனக் கணக்கு: சொந்தப் பத்தாயத்திலா, பொதுக்கிடங்கிலா?

(உழவர் உற்பத்தியாளர் நிறுவன இயக்குநர்களுக்கும் ஊராட்சி அங்கத்தினர்களுக்கும் நடைபெற்ற பயிற்சிக் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



ஏரி மராமத்து, குடிநீர், சாலை ஆகியவற்றைப் பற்றியே உங்களிடம் பேசிப் பழகிய நான், இன்று கணினியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நான் பொறியியல் பயின்றவன் அல்லேன்; வேளாண்மை படித்துப் பட்டம் பெற்றவன். ஆயினும், இவ்விஷயத்தில் நாம் எடுக்கவேண்டிய முடிவு பொறியாளர் மட்டும் எடுக்கக்கூடிய முடிவன்று. வரவுசெலவு தெரிந்த எந்த விவசாயியும் ஆராய்ந்து எடுக்கக்கூடியதே என்பதை உங்களுக்கு எடுத்துக்காட்ட விரும்புகிறேன்.

சென்ற மாதம் நம் வட்டாரத்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றின் இயக்குநர்கள் என்னைக் காண வந்தனர். சுமார் 800 பங்குதாரர்களைக் கொண்ட நிறுவனம் அது. அவர்களிடம் வியாபாரிகள் இருவர் வந்து சென்றிருந்தனர். ஒருவர், "உங்கள் கணக்கை எதற்காக அயலார் இடத்தில் வைக்கிறீர்கள்? சொந்தமாகச் சர்வர்களை வாங்கித் 'தனி மேகம்' அமைத்துக்கொள்ளுங்கள்" என்றாராம். மற்றவர், "இயந்திரம் எதுவும் வாங்கவேண்டாம், 'பொது மேகத்தில்' மாத வாடகைக்கு இடம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றாராம். இருவர் கூறியதும் சரியாகவே தோன்றுகிறதே, என்ன செய்வது என்பதுதான் இயக்குநர்கள் என்னிடம் கேட்ட கேள்வி. அன்று அவர்களுக்குச் சொல்லியதையும், அதன்பின் நான் விசாரித்து அறிந்ததையும் உங்கள் முன் வைக்கிறேன்.

ஒரு மேசை அறையின் கதை

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அப்பொழுது நான் டெல்டாப் பகுதியில் வேறொரு வட்டாரத்தில் பணியாற்றிவந்தேன். அங்கே தென்னை விவசாயிகள் சேர்ந்து நடத்திய சங்கம் ஒன்று இருந்தது. அங்கத்தினர்களிடம் தேங்காயைப் பெற்றுக்கொண்டு, விற்றபின் பணம் கொடுப்பது அதன் வழக்கம். யார் எத்தனை காய் கொடுத்தார், எவ்வளவு பாக்கி என்ற கணக்கெல்லாம் அலுவலகத்திலிருந்த ஒரே கணினியில் இருந்தது. புயலில் கூரை ஓடுகள் பறந்து, கணினி மழைநீரில் ஊறிப் பாழாயிற்று. சங்கச் செயலாளர் பொறுப்பானவர். வாரந்தோறும் கணக்கை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து வைத்திருந்தார். ஆனால் அந்தப் பென் டிரைவ் அதே மேசையின் அறையில் இருந்தது. மேசையும் நீரில் மூழ்கிக் கிடந்தது.

மரங்கள் வேரோடு சாய்ந்துவிட்ட அந்நேரத்தில், முன்னரே கொடுத்த காய்க்கு வரவேண்டிய பணம்தான் பல குடும்பங்களுக்குக் கைக்காசு. அதற்குக் கணக்கு இல்லை. வீடுவீடாகச் சென்று துண்டுச் சீட்டுகளைச் சேகரித்துக் கணக்கை மறுபடி எழுத ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆயின. சீட்டு வைத்திராத ஒரு மூதாட்டிக்கு, அண்டை வீட்டார் இருவர் சாட்சி சொன்னதன் பேரிலேயே பணம் கிடைத்தது. கணக்கு எங்கே இருக்கவேண்டும் என்ற கேள்வி அன்றிலிருந்து என் மனத்தில் நிலைத்துவிட்டது.

மேகம் என்பது யாது?

பெயரைக் கண்டு மலைக்கவேண்டாம். கணக்கு ஆகாயத்தில் எங்கும் மிதப்பதில்லை; பூமியின்மேல் ஏதோ ஒரு கட்டிடத்தில், ஏதோ ஓர் இயந்திரத்தில்தான் இருக்கிறது. முன்பு பொறியாளர்கள் படம் வரையும்போது, தொலைபேசிக் கம்பியும் இணைய இணைப்பும் எவ்வழியே செல்கின்றன என்று விவரிக்க அவசியமில்லாத இடத்தில் ஒரு மேகத்தின் உருவத்தை வரைந்துவிடுவர். அப்பெயரே நிலைத்துவிட்டது. நம் ஊராட்சிக் கணக்குகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020-ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கப்பட்ட இ-கிராம் சுவராஜ் முறையில் நாம் பதியும் கணக்கு ஊராட்சி அலுவலகக் கணினியில் தங்குவதில்லை. தொலைவிலுள்ள அரசுச் சர்வருக்குச் சென்றுவிடுகிறது. ஆகவே, இது நமக்கு முற்றிலும் புதியதன்று.

அமெரிக்க நாட்டின் தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனம் 2011-ஆம் ஆண்டில் மேகக் கணிமைக்கு ஓர் இலக்கணம் வகுத்தது. அதன்படி, ஒரே நிறுவனத்தின் உபயோகத்திற்கென்று ஒதுக்கப்பட்டது தனி மேகம். எவரும் வாடகை கொடுத்துப் பயன்படுத்தத்தக்கது பொது மேகம். ஒரே விதமான தேவையுள்ள பலர் கூடி அமைத்துக்கொள்வது சமுதாய மேகம். இவற்றுள் இரண்டையோ மூன்றையோ இணைத்துக்கொள்வது கலப்பு மேகம்.

நம் வழக்கில் சொல்வதானால், தனி மேகம் வீட்டுப் பத்தாயம். பொது மேகம் பொதுச் சேமிப்புக் கிடங்கு. பத்தாயத்தில் நம் நெல் மட்டுமே இருக்கும்; சாவியும் நம்மிடம் இருக்கும். ஆனால் எலி புகுந்தாலும், மழை ஒழுகினாலும் பார்க்கவேண்டியவர் நாமே. கிடங்கில் பலருடைய மூட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் அவரவர் குறி இருக்கும். காவல், மருந்தடித்தல் ஆகியவற்றைக் கிடங்குக்காரர் பார்த்துக்கொள்வார். நாம் வாடகை செலுத்துவோம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை அகற்றவேண்டும். அலுவலக மூலையில் ஒரு சர்வரை வாங்கி வைத்துவிட்டால் அது தனி மேகம் ஆகிவிடாது. தனி மேகம் என்றால் பல சர்வர்களை ஒன்றாகச் சேர்த்து, அவற்றின் சக்தியைத் தேவைக்கேற்பப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருளும், இடைவிடாத மின்சாரமும், குளிர்சாதன வசதியும், இரவு பகலாகக் கவனிக்கும் ஆட்களும் வேண்டும். வியாபாரி ஒற்றைச் சர்வரைக் காட்டித் 'தனி மேகம்' என்று விலை கூறினால், அவரிடம் விளக்கம் கேளுங்கள்.

பெரிய நிறுவனங்கள் செய்தது என்ன?

இவ்விரண்டில் எது மேல் என்பதற்கு எல்லார்க்கும் பொருந்தும் விடை இல்லை. பெரிய நிறுவனங்களே எதிரெதிர்த் திசைகளில் சென்றிருக்கின்றன. திரைப்படங்களை வீடுகளுக்கு அளிக்கும் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2008-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தன் சொந்தத் தரவுத்தளம் பழுதுபட்டு, மூன்று நாட்கள் குறுந்தகடுகளை அனுப்ப இயலாமல் தவித்தது. அதன்பின் தன் சேவையைச் சிறிது சிறிதாக அமேசானின் பொது மேகத்திற்கு மாற்றத் தொடங்கி, 2016 ஜனவரியில் முடித்தது. பிறருடைய கோப்புகளைச் சேமித்துவைக்கும் டிராப்பாக்ஸ் நிறுவனமோ, அமேசானிடம் வாடகைக்கு வைத்திருந்தவற்றுள் பெரும்பகுதியை 2015, 2016-ஆம் ஆண்டுகளில் சொந்த இயந்திரங்களுக்கு மாற்றிற்று. அதனால் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 7.5 கோடி டாலர் செலவு குறைந்ததாகத் தன் பங்கு வெளியீட்டு ஆவணத்தில் தெரிவித்தது.

இதன் காரணத்தை நெல் அறுவடையிலேயே காணலாம். ஆண்டில் சில நாட்கள் மட்டும் தேவைப்படும் அறுவடை இயந்திரத்தை நாம் வாடகைக்கு எடுக்கிறோம். அன்றாடம் தேவைப்படும் மருந்து தெளிப்பானைச் சொந்தமாக வாங்குகிறோம். ஏறி இறங்கும் வேலைக்கு வாடகை இலாபம். ஆண்டு முழுவதும் குறையாமல் ஓடும் மிகப் பெரிய வேலைக்குச் சொந்தம் இலாபமாகலாம். டிராப்பாக்ஸின் சேமிப்பு வேலை பின்னதைச் சேர்ந்தது. கோடிக்கணக்கானோரின் கோப்புகளைக் காத்த அந்நிறுவனத்திடம் அதற்குத் தேவையான பொறியாளர்களும் இருந்தனர். நம் நிறுவனத்தில் முதன்மைச் செயல் அலுவலர் ஒருவர், கணக்கர் ஒருவர். கொள்முதல் காலத்தில் வேலை மிகும். மற்ற மாதங்களில் மிகக் குறைவு.

செலவை எவ்வாறு கணக்கிடுவது?

ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கணக்கிடுங்கள். சொந்தமாக அமைப்பதானால் சர்வர் விலையோடு நிறுத்திவிடக் கூடாது. யு.பி.எஸ்., அதன் பேட்டரி மாற்றும் செலவு, குளிர்சாதனம், மின்கட்டணம், மென்பொருள் உரிமக் கட்டணம், பழுதுபார்ப்பவரின் ஊதியம், ஐந்தாம் ஆண்டின் இறுதியில் புதிய இயந்திரம் வாங்க ஒதுக்கவேண்டிய தொகை ஆகிய யாவற்றையும் கூட்டவேண்டும். சொந்த இயந்திரத்திலும் மென்பொருள் பிறருடையதே என்பதை நினைவில் வையுங்கள். தனி மேகம் அமைப்பதற்குப் பலர் உபயோகித்துவந்த மென்பொருள் வி.எம்.வேர் என்பது. 2023 நவம்பரில் அதைப் பிராட்காம் நிறுவனம் வாங்கிற்று. அடுத்த மாதமே, ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமத்தை விற்பதை நிறுத்திவிட்டு, தவணைச் சந்தா முறைக்கு மாற்றிவிட்டது. வீடு சொந்தமானாலும் பூட்டு வாடகைக்கு வந்த நிலை அது.

வாடகை முறையிலும் கண்ணுக்குத் தெரியாத செலவுகள் உண்டு. உபயோகித்த அளவுக்கே கட்டணம் என்பார்கள். உபயோகிக்காத இயந்திரத்தை அணைக்க மறந்தால் அதற்கும் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். கணக்கை உள்ளே கொண்டுசெல்லக் கட்டணம் பெரும்பாலும் இராது. வெளியே பெருமளவில் எடுக்கும்போது கட்டணம் உண்டு. அடியோடு விலகிச் செல்வோரிடம் இக்கட்டணத்தை வாங்குவதில்லை என்று கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அறிவித்தன. மற்றவர்களிடம் வாடகைக்கு எடுப்போர், விலகும்போது கணக்கு எந்த வடிவில், எத்தனை நாளில், என்ன செலவில் திரும்பக் கிடைக்கும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குதல் வேண்டும்.

இன்னொன்று. வாடகைக்கு எடுப்பதிலும் மூன்று படிகள் உள்ளன. வெறும் இயந்திரத்தை எடுப்பது நெல்லாக வாங்குவதைப் போன்றது. மென்பொருள் எழுதுவதற்கு ஆயத்தமான மேடையை எடுப்பது அரிசியாக வாங்குவதைப் போன்றது. உடனே பயன்படுத்தத்தக்க கணக்கு மென்பொருளையே மாதச் சந்தாவுக்கு எடுப்பது சோறாக வாங்குவதைப் போன்றது. சமைக்க ஆளில்லாத நம் நிறுவனங்கள் முதலிரண்டை நாடுவதில் பயனில்லை.

சட்டம் கூறுவது

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுள் கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவானவை இதனைக் கவனித்துக் கேட்கவேண்டும். கணக்குப் புத்தகங்களை எட்டு ஆண்டுகள் பாதுகாத்தல் வேண்டும். 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்ட கணக்கு விதிகளின்படி, மின்னணு முறையில் வைக்கப்படும் கணக்கு எந்நேரமும் இந்தியாவிலிருந்து பார்க்கக்கூடியதாக இருக்கவேண்டும். அதன் காப்பு நகல் இந்தியாவிலேயே உள்ள சர்வரில் நாள்தோறும் எடுத்து வைக்கப்படவேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கில் செய்யப்படும் ஒவ்வொரு திருத்தத்தையும் யார், எப்பொழுது செய்தார் என்று தானே பதிவுசெய்யும் மென்பொருளையே உபயோகிக்கவேண்டும். வாரம் ஒருமுறை பென் டிரைவில் எடுத்த நகல் இனிச் சட்டத்திற்கும் போதாது. சங்கச் சட்டத்தின்கீழ் பதிவானவர்கள் தங்களுக்குரிய விதியைத் தணிக்கையாளரிடம் கேட்டறியலாம்.

இந்தியாவில் இடம் கிடைக்குமா என்று ஐயுறவேண்டாம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015-இல் பூனா, சென்னை, மும்பை ஆகிய இடங்களிலும், அமேசான் 2016-இல் மும்பையிலும் 2022-இல் ஐதராபாத்திலும், கூகுள் 2017-இல் மும்பையிலும் 2021-இல் டெல்லியிலும் தங்கள் மேகச் சேவையைத் தொடங்கியுள்ளன.

பங்குதாரர்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் நம்மிடம் இருக்கின்றன. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டுள்ளன. படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. அச்சட்டப்படி, வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்தாலும் பொறுப்பு நம்முடையதே. கட்டிடத்தைக் காப்பது கிடங்குக்காரர் கடமை. கடவுச்சொல்லைச் சுவரில் எழுதி ஒட்டாதிருப்பது நம் கடமை.

மூன்று பாடங்கள்

இனி, முக்கியமான விஷயத்திற்கு வருகிறேன். சொந்தமா, வாடகையா என்று முடிவு செய்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. அண்மைக் காலத்து நிகழ்ச்சிகள் மூன்றைக் கூறுகிறேன்.

2021 மார்ச் 10-ஆம் நாள் பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். என்னும் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பிடித்து, ஒரு கட்டிடம் முழுவதும் எரிந்தது. அங்கே வாடகைக்கு இடம் எடுத்தவர்களுள் சிலருடைய காப்பு நகலும் அதே வளாகத்திலேயே இருந்தமையால், அவர்கள் யாவற்றையும் இழந்தனர்.

2025 செப்டம்பர் 26-ஆம் நாள் தென்கொரியாவின் தேஜோன் நகரில், அந்நாட்டு அரசாங்கத்தின் சொந்தத் தரவு மையத்தில் பேட்டரியிலிருந்து தீப்பற்றியது. 709 அரசுச் சேவைகள் நின்றன. அரசு ஊழியர்கள் தம் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவ் என்னும் அமைப்பிலிருந்த 858 டெராபைட் அளவுள்ள கோப்புகள் அழிந்தன. அளவு பெரிது என்ற காரணத்தால் அவற்றுக்கு வெளியே நகல் எடுக்கப்படவில்லை. தொழில்நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் நாட்டு அரசாங்கத்திற்கே இக்கதி நேர்ந்தது.

மூன்றாவது, 2024 மே மாதத்தில் ஆஸ்திரேலியாவில் நடந்தது. ஆறு இலட்சத்திற்கும் அதிகமான அங்கத்தினர்களைக் கொண்ட யூனிசூப்பர் என்னும் ஓய்வூதிய நிதியம், கூகுளிடம் தனி மேகம் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தது. அமைப்பில் நேர்ந்த ஒரு பிழையினால் அந்தத் தனி மேகம் முழுவதும் நீக்கப்பட்டுவிட்டது. இரு வேறு இடங்களில் வைத்திருந்த பிரதிகளும் கூடவே நீங்கின. ஆயினும் அவர்கள் வேறொரு நிறுவனத்திடமும் நகல் வைத்திருந்தனர். சேவை முழுமையாகத் திரும்புவதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. ஆனால் அங்கத்தினர்களின் கணக்கு பிழைத்தது.

ஸ்ட்ராஸ்பர்கில் இருந்தது வாடகை. தேஜோனில் இருந்தது சொந்தம். மூன்றாவது, வாடகைக்கு எடுத்த தனி. பிழைத்தவர் வேறிடத்தில், வேறொருவர் பொறுப்பில் நகல் வைத்திருந்தவர். டெல்டாக் கிராமத்து மேசை அறையில் நான் கண்ட பாடமும் இதுவே.

"புயலில் மின்சாரமும் தொலைபேசியும் நின்றுவிட்டால் மேகத்தை எப்படித் திறப்பது?" என்று ஓர் இயக்குநர் கேட்டார். நியாயமான கேள்வி. கஜாவுக்குப் பின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்நாட்களில் மேகத்திலுள்ள கணக்கையும் ஊரிலிருந்து திறந்திருக்க முடியாது. ஆனால் இணைப்பு வந்த அன்றே கணக்கு முழுமையாகக் கிடைத்திருக்கும். மூன்று மாதம் சீட்டுத் தேடி அலைந்திருக்கவேண்டாம். இணைப்பு இல்லாத நாட்களுக்காக, பற்று வரவுச் சீட்டை இரு படியாக எழுதி ஒன்றை உழவரிடமே கொடுக்கும் பழைய வழக்கத்தையும் விட்டுவிடக் கூடாது.

கூடிச் செய்தல்

தனியாகவும் முடியாது, முற்றிலும் அயலாரை நம்பவும் மனமில்லை என்போருக்கு நடுவழியும் உண்டு. 2022 ஜூன் மாதத்தில் மத்திய அரசாங்கம் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. ஒவ்வொரு சங்கமும் தனித்தனியே மென்பொருள் தேடாமல், மேகத்தை அடிப்படையாகக் கொண்ட பொது மென்பொருள் ஒன்றில் சேர்வதே அதன் ஏற்பாடு. கூட்டுறவு மனப்பான்மை கணினியிலும் பயன் தருவதற்கு இஃது ஒரு சான்று. நம் வட்டாரத்து நிறுவனங்களும் ஒன்றுகூடி ஒரே மென்பொருளுக்குச் சந்தா செலுத்தி, ஒரே கணினிப் பணியாளரைப் பகிர்ந்துகொண்டால், தனித்தனியே பேரம் பேசுவதைவிடச் செலவு குறையும். நம் சொல்லுக்கும் மதிப்பு உயரும்.

நாம் செய்யத்தக்கவை

என் அபிப்பிராயத்தைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். முதலாவது, நம் அளவிலுள்ள நிறுவனம் தனி மேகம் அமைக்க முற்படவேண்டாம். அப்பணத்தில் உலர்களம் ஒன்று அமைத்தால் பங்குதாரர்களுக்குக் கூடுதல் பயன். இரண்டாவது, இந்தியாவில் சர்வர் உள்ள, திருத்தங்களைப் பதிவுசெய்யும் கணக்கு மென்பொருளை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, நாள்தோறும் ஒரு நகல் அந்த நிறுவனத்தோடு தொடர்பில்லாத வேறிடத்திற்குச் செல்லும்படி ஏற்பாடு செய்யுங்கள். மாதம் ஒருமுறை ஒரு பிரதியை வெளி வட்டில் எடுத்து, வேறு ஊரிலுள்ள இயக்குநர் ஒருவர் பொறுப்பில் வையுங்கள். நான்காவது, கடவுச்சொல்லோடு கைபேசிக்கு வரும் எண்ணையும் கேட்கும் இரட்டைப் பூட்டைப் போடுங்கள். வேலையை விட்டுச் செல்பவரின் அனுமதியை அன்றே நீக்குங்கள். ஐந்தாவது, மூன்று மாதத்திற்கு ஒருமுறை இயக்குநர் குழுக் கூட்டத்தில் அந்த நகலைத் திறந்து, ஏதேனும் ஒரு பங்குதாரரின் கணக்கைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். திறந்து பார்க்காத நகலை நகல் என்று நம்பவேண்டாம். ஊராட்சி அங்கத்தினர்கள், உங்கள் ஊர் நிறுவனத்தின் பேரவையில் இக்கேள்வியைக் கேட்கும் முதல் ஆளாக இருங்கள்.

நாளை நம் நிறுவனம் வளர்ந்து, பல மாவட்டங்களில் ஆண்டு முழுவதும் வியாபாரம் செய்யும் நிலைக்கு வருமானால், சொந்தமாக அமைப்பதைப் பற்றி அப்பொழுது மறுபடி கணக்கிட்டுப் பார்க்கலாம். அந்நாள் விரைவில் வரவேண்டும் என்பதே என் விருப்பம்.

முன்பு சொன்ன மூதாட்டிக்கு நல்ல அண்டை வீட்டார் இருந்தனர், பணம் கிடைத்தது. எல்லாருக்கும் அத்தகைய அண்டை வீட்டார் வாய்ப்பதில்லை. நம் வட்டாரத்தில் எந்த உழவருடைய உழைப்பின் கணக்கும் இனிச் சாட்சியை எதிர்பார்த்து நிற்கக் கூடாது. அதற்கான ஏற்பாட்டை அடுத்த மழைக்காலத்திற்குள் செய்து முடிப்போமாக.